வினைமுற்று

பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகுதான்
பிரித்துப் பார்த்தேன்.
இரண்டு கோடி.
எண்ணாலும் எழுதி, எழுத்தாலும் எழுதி,
'மட்டும்' என்று முடித்திருந்தார்கள்.
அந்த 'மட்டும்' பார்த்து
குலோத்துங்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பிறகு நெடுநேரம் வரவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான்:
பள்ளிக்கரணைக்குத் தெற்கே ஒரு லேஅவுட்.
நாற்பத்திரண்டு மனை, நுழைவாயிலில் பிளாஸ்டர் யானை இரண்டு.
ஆயிரத்தைந்நூறு ரூபாய் கட்டிய ஒருவருக்காக
மட்டம் பார்க்கும் கருவியோடு போய்
சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு வந்து
என் இணையதளத்தில் எழுதினேன்:
'மழைக்கு இங்கே முழங்காலளவு தண்ணீர் நிற்கும்.'

ஆர்மேனியன் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை,
அதற்கு மேலே வக்கீல் மெஹருன்னிசா.
நோட்டீஸை முதலில் தொடவே இல்லை.
"உங்கள் பேரில் என்னென்ன இருக்கிறது?"

கீழ்க்கட்டளையில் ஃபிளாட், பாதி என் பேரில்,
அந்தப் பாதியிலும் முக்கால் வங்கிக்கு.
ஸ்கூட்டி. பதினோரு சவரன், அதில் ஆறு அடகில்.
"தொழில்?"
என் பேரில்.
"பேங்க் கணக்கு?"
ஒன்றுதான். பால், பள்ளி ஃபீஸ், சர்வர் வாடகை
எல்லாம் ஒரே குழாயில் போகிறது.
"அப்போ சட்டத்துக்கு நீங்களும் கடையும் ஒரே உடம்பு.
அதை அடித்தால் உங்களுக்கு வலிக்கும்."

குலோத்துங்கன் தொண்டையைச் செருமினான்.
வீட்டை அவன் தங்கை பேருக்கு மாற்றிவிட்டால்?
ஆரணியில் இருக்கிறாள், நம்பலாம்.
"வெள்ளம் உள்ளே வந்த பிறகு வாசப்படியை உயர்த்தினால்
தண்ணீர் வெளியே போகாது சார்.
நோட்டீஸுக்கு முன்னால் எழுதியிருந்தால் ஏற்பாடு.
இன்றைக்கு எழுதினால் அதற்குப் பேர் வேறு."

எங்கள் தெருவை நினைத்துக்கொண்டேன்.
தார் போடும்போதெல்லாம் சாலை ஒரு சாண் ஏறும்.
வீடுகள் பள்ளத்தில் கிடக்கும்.
யாரும் வீட்டை இறக்கவில்லை.

"இனிமேலாவது ஒரு கம்பெனி பதிவு செய்யுங்கள்.
அது தனி ஆள். தனிக் கணக்கு, தனிப் பை.
அதற்கு நகை கிடையாது, தூக்கம் கெடாது.
ஆனால் எழுதிய கை உங்களுடையது என்றால்
கை தப்பாது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்."

பிறகுதான் படித்தார். பென்சிலால்
'நிற்கும்' என்பதன் கீழே ஒரு கோடு.
"இது எந்தக் காலம்?"
எதிர்காலம்.
"எதிர்காலத்தைக் கூண்டில் ஏற்ற முடியாதும்மா.
'நவம்பர் ஒன்பது, காலை பதினொன்றேகால்,
நான் நின்ற இடத்தில் முழங்கால்வரை நின்றது'
என்றிருந்தால், போட்டோ இருக்கிறது,
மட்டக்கணக்குத் தாள் இருக்கிறது, ஆட்டோக்காரர் வருவார்.
அந்த போனை மாற்றிவிடாதீர்கள்."

தமிழில் அப்படியில்லை மேடம் என்றேன்.
சூரியன் கிழக்கே உதிக்கும் என்கிறோமே,
அது நாளைய ஜோசியமா? வழக்கம்.
அந்த மனைகளுக்கு நம்பர் போடுவதற்கு முன்னாலிருந்தே
அங்கே தண்ணீர் நிற்கும்.
"வழக்கம் வேறு, வழக்கு வேறு" என்றார்.
கொஞ்சம் யோசித்து,
"இதையும் பதிலில் சேர்க்கலாம்.
மீதிச் செருப்பு இருக்கிறதா?"
இருக்கிறது.
"எறிந்துவிடாதீர்கள்."

ஏழாம் வகுப்பில் ஒப்பித்தது:
நின்றது, நிற்கிறது, நிற்கும்.
மூன்றாவதற்கு மட்டும் விலை உண்டென்று
தமிழம்மா சொல்லவில்லை.

வாசலில் குமாஸ்தா, முதுகுளத்தூர்க்காரர்,
வக்காலத்துத் தாளை மடித்துக்கொண்டே சொன்னார்:
"மானம் கறுத்துருச்சு தாயி, வெரசாக் கெளம்புங்க."

நோட்டீஸில் இருபத்தாறு இடத்தில் வந்த சொல்.
இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.
ஹைகோர்ட்டின் சிவப்புக் கலசங்களுக்கு மேலே
அது கீழிறங்கி வந்துகொண்டிருந்தது,
யாருடையதாகவும் இல்லாமல்.

குடை கொண்டுவரவில்லை.
ஜெராக்ஸ் கடையில் பிளாஸ்டிக் உறை ஒன்று கேட்டு வாங்கி
முதலில் கோப்பை உள்ளே வைத்தேன்.